கையடக்க நினைவுச் சாதனங்கள்

தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய குடும்பங்களில் பழைய தகரப் பெட்டி ஒன்று இல்லாத வீடு அரிது. கட்டிலுக்கு அடியிலோ பரணின் மூலையிலோ அது இருக்கும். பள்ளிச் சான்றிதழ், ஊரிலுள்ள நிலத்தின் பத்திரம், கலியாணப் புகைப்படம், குழந்தைகளின் ஜாதகம், தகப்பனார் எழுதிய நீலநிற இன்லண்டுக் கடிதங்கள் ஆகிய அனைத்தும் அதனுள்ளே அடங்கும். உத்தியோகம் மாற்றலாகி நாகபுரியிலிருந்து கொல்கத்தாவுக்கோ புது தில்லிக்கோ செல்லும்போது ஏனைய சாமான்கள் லாரியில் போகும். அந்தப் பெட்டி மட்டும் நம்முடனேயே ரயிலில் வரும்.

இன்று அப்பெட்டியின் இடத்தைச் சுண்டுவிரல் நீளமுள்ள பென் டிரைவும், நகத்தளவே உள்ள மெமரி கார்டும் பெரும்பாலும் பிடித்துக்கொண்டுவிட்டன. சௌகரியந்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. தகரப் பெட்டி துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். காகிதத்தைச் செல் அரித்தால் பாதியாவது மிஞ்சும். இச்சிறு சாதனங்களோ நேற்று மாலை வரை நன்றாக இருந்து, இன்று காலையில் ஒன்றுமே இல்லாமற் போகக்கூடியவை. போவது பத்திரத்தின் நகலாக இருந்தால் மீண்டும் பெறலாம். மறைந்த பாட்டியாரின் குரலாக இருந்தால் எந்த அலுவலகத்திற் போய் மனுக் கொடுப்பது? ஆதலின் இவை எவ்வாறு இயங்குகின்றன, எதனை எதற்கு நம்பலாம் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். செல்பேசி விளம்பரங்களில் ‘8 ஜி.பி., 128 ஜி.பி.’ என இரண்டு எண்கள் காணப்படுகின்றன. இரண்டையுமே ‘மெமரி’ என்று கடைக்காரரும் சொல்கிறார், நாமும் சொல்கிறோம். உண்மையில் இவை வெவ்வேறு பொருள்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சிலேட்டும் இருக்கிறது, நோட்டுப் புத்தகமும் இருக்கிறது. கணக்குப் போடுவது சிலேட்டில். அடுத்த கணக்கு வந்ததும் முந்தியது அழிந்துவிடும். வைத்துக்கொள்ள வேண்டியதை நோட்டில் எழுதுகிறான். விளம்பரத்தின் சிறிய எண் சிலேட்டின் அளவு. அதற்கு ‘ரேம்’ என்று பெயர். மின்சாரம் நின்ற மாத்திரத்தில் அதிலிருப்பது மறைந்துவிடும். பெரிய எண் நோட்டின் அளவு. மின்சாரம் இல்லாவிடினும் எழுதியது அதில் நிற்கும். செல்பேசி மெதுவாக ஓடுகிறதென்று மெமரி கார்டு வாங்கிச் செருகுவோர் உளர். நோட்டை வாங்கிக் கொடுத்தாற் சிலேட்டு பெரிதாகிவிடாது. அதுபோலவே, ‘இடம் இல்லை’ என்ற அறிவிப்பு வந்தால் குறைவுபட்டது நோட்டேயன்றிச் சிலேட்டு அன்று. நாம் கையில் எடுத்துச் செல்லும் சாதனங்கள் எல்லாம் நோட்டு வகையைச் சேர்ந்தவை.

அடுத்து அளவைகள். உண்டு, இல்லை என்னும் இரண்டில் ஒன்றைக் குறிப்பது ஒரு பிட். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடு முறைப்படி இன்று இணையத்தில் வழங்கும் தமிழ் எழுத்தில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் தகரம், மகரம், இகரக் கொம்பு, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட். ஆயிரம் பைட் ஒரு கிலோபைட், பத்து லட்சம் பைட் ஒரு மெகாபைட், நூறு கோடி பைட் ஒரு கிகாபைட், லட்சம் கோடி பைட் ஒரு டெராபைட்.

இவ்வெண்களின் பெருமை எளிதில் மனத்திற் படுவதில்லை. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 1960ஆம் ஆண்டில் ‘டிப்ராக்’ என்ற கணிப்பொறியை இயக்கத் தொடங்கினர். நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதற் கணிப்பொறிகளுள் அது ஒன்று. அம்முயற்சியில் முன்னின்றவர் ஆர். நரசிம்மன், சென்னையிலே பிறந்து, அமெரிக்காவிற் கற்று, மும்பையைத் தம் பணிக்களமாகக் கொண்டவர். ஊரை விட்டு வந்து உழைத்த தமிழருள் அவரும் ஒருவர் என்பதால் இங்கே நினைவுகூர்கிறோம். அந்த யந்திரத்தின் நினைவகம் 2,048 சொற்களைக் கொள்ளும். ஒவ்வொரு சொல்லுக்கும் 40 பிட். காந்தத்தன்மை கொண்ட சிறு வளையங்களைக் கம்பியிற் கோத்து, வளையம் ஒன்றுக்கு ஒரு பிட்டாக அதை அமைத்திருந்தனர். மொத்தம் 10,240 பைட். இன்றைய தமிழெழுத்துக் கணக்கிற் சொன்னால் சுமார் 3,400 குறிகள். அதாவது ஒன்றரைப் பக்கம். இப்போது எந்தக் கடையிலும் கிடைக்கும் 64 கிகாபைட் பென் டிரைவ் அதைப்போல் 62 லட்சம் மடங்குக்கும் மேல் கொள்ளும். பக்கத்துக்கு 2,000 குறிகள் என்று வைத்துக்கொண்டால் 300 பக்கத் தமிழ் நூல் ஒன்று 18 லட்சம் பைட். அப்படிப்பட்ட நூல்கள் 35,000 அந்தப் பென் டிரைவில் அடங்கும். படங்கள் இன்றி எழுத்து மட்டுமாக என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வாங்கிய 64 கிகாபைட் சாதனத்தைக் கணிப்பொறியிற் செருகினால் 59.6 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று பலர் கேட்கின்றனர். இல்லை. உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். விண்டோஸ் கணிப்பொறியோ 1,024 வீதம் பெருக்கிக் கணக்கிடுகிறது. மெட்ரிக் டன்னுக்கும் பழைய டன்னுக்கும் உள்ள பேதம் போன்றதே இது. உண்மையான ஏமாற்று வேறொன்று உண்டு; அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

எழுதி வைக்கும் முறையைக் கொண்டு இச்சாதனங்களை மூன்று குலமாகப் பிரிக்கலாம். காந்தம், ஒளி, மின்னணு என்பன அவை.

காந்தக் குலத்தின் மூத்த பிள்ளை 1956இல் பிறந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘ராமாக்’ கணிப்பொறியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சிற் சுழன்றன. ஏறத்தாழ ஒரு டன் எடை. அவ்வளவு பெரிய சாதனம் கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துகளே. இன்றைய செல்பேசியில் எடுக்கும் புகைப்படம் ஒன்றே அதை நிரப்பிவிடும். எடுத்துச் செல்லத்தக்க காந்தத் தட்டு 1971இல் வந்தது. எட்டு அங்குல அகலமும் வளையுந்தன்மையும் உடைய அதனை ஃபிளாப்பி என்றனர். 1976இல் அது ஐந்தேகால் அங்குலமாயிற்று. 1981இல் சோனி நிறுவனத்தார் மூன்றரை அங்குலமாக்கினர். 1990களில் நம் அலுவலகங்களிலெல்லாம் நீலமும் கறுப்புமாக அடுக்கியிருந்தவை அவையே. கொள்ளளவு 1.44 மெகாபைட், மேலே கணக்கிட்ட 300 பக்க நூல் அதில் அடங்காது. சோனி 2011இல் அவற்றின் விற்பனையை நிறுத்திக்கொண்டது. வீட்டில் பழைய ஃபிளாப்பி இருப்பின் அதைப் படிக்கும் கருவியைத் தேடுவதே இப்போது பெரும்பாடு.

அக்குலத்தில் இன்றும் கொடி கட்டி வாழ்வது வெளிப்புற ஹார்ட் டிஸ்க். சட்டைப் பைக்குச் சற்றே பெரிது. ஒன்று முதல் ஐந்து டெராபைட் வரை கொள்வது. உள்ளே கண்ணாடி போன்ற தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவை சுழல்கிறது. அதன்மேல் எழுதும் முனை தட்டைத் தொடாமல், தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதந்து செல்கிறது. சுழலும்போது மேஜையிலிருந்து விழுந்தால் முனை தட்டிலே உராய்ந்து, எழுதியதைச் சுரண்டிவிடும். ‘டிக், டிக்’ என்ற ஓசை கேட்கத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். மீண்டும் மீண்டும் செருகிப் பார்ப்பது புண்ணைக் கிளறுவதாகும். கொள்ளளவு மிகுதி, விலை ஒப்பளவிற் குறைவு, ஓரிடத்தில் இருந்தபடி உழைப்பது என்றால் இதற்கு நிகரில்லை. ரயிற் பயணத்திற்கு ஏற்றதன்று.

ஒளிக்குலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டுவதில்லை. 1982இல் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க், அதன் பின்வந்த டி.வி.டி., ப்ளூ ரே ஆகியவை லேசர் ஒளியாற் படிக்கப்படுவன. எழுதத்தக்க குறுந்தகடு 700 மெகாபைட், டி.வி.டி. 4.7 கிகாபைட், ப்ளூ ரே ஓரடுக்கில் 25 கிகாபைட். தொழிற்சாலையில் அச்சடித்த பாட்டுத் தகடு நெடுநாள் இருக்கும். வீட்டிலோ ஸ்டுடியோவிலோ எழுதப்படுவது சாயப்பூச்சு ஒன்றின்மீது எழுதப்படுவதால் வெயிலிலும் ஈரத்திலும் மங்கிவிடும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஸ்டுடியோக்காரர் கொடுத்த கலியாண டி.வி.டி. வீட்டில் இருந்தால், இக்கட்டுரையைப் படித்து முடிப்பதற்கு முன்பே எழுந்து போய் அதை எடுத்துப் பாருங்கள். புதிய மடிக்கணினிகளில் தகடு செருகும் வாயிலே இல்லை. அதைப் படிக்கும் வெளிக்கருவி இன்னும் கடைகளில் கிடைக்கிறது.

இனி மின்னணுக் குலம். இன்று நம் கையிலும் பையிலும் இருப்பவை பெரும்பாலும் இக்குலத்தவை. ஆதலால் இங்கே சற்றுத் தங்குவோம்.

ஜப்பானில் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோக்கா என்ற பொறியாளர் 1984இல் ஒருவகை நினைவகத்தையும், 1987இல் அதனினும் செறிவான வேறொன்றையும் உலகுக்கு அறிவித்தார். ஒரு பகுதி முழுவதையும் ஒரே வீச்சில் அழிக்க முடிந்தமையால், காமிராவின் ஒளிவெட்டை நினைந்து உடனிருந்தவர் ஒருவர் ‘ஃப்ளாஷ்’ என்று பெயர் வைத்தார். பென் டிரைவ், மெமரி கார்டு, செல்பேசியின் உள் நினைவகம், எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத் தட்டு ஆகிய நான்கும் இந்த இரண்டாவது வகையின் வழி வந்தவையே.

அது இயங்கும் விதம் இதுதான். மின்சாரம் பாயாத காப்புப் பொருளுக்கு நடுவே மிகச் சிறிய அறை ஒன்று. சற்று உயர்ந்த மின்னழுத்தத்தைக் கொடுத்து எலெக்ட்ரான்களை அக்காப்பைத் துளைத்து உள்ளே புகுத்துகிறார்கள். அழுத்தத்தை நீக்கினால் அவை வெளியே வரமாட்டாமல் சிறைப்பட்டுக் கிடக்கும். உள்ளே இருக்கின்றனவா இல்லையா என்று பார்ப்பதே படிப்பது. வெளியே இழுத்துவிடுவதே அழிப்பது. சுழலும் உறுப்பு எதுவும் இல்லாமையால் கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தீங்கில்லை. காந்தத்தன்மையால் எழுதப்படாமையால் வீட்டுக் காந்தத்திற்கு அஞ்ச வேண்டுவதில்லை. விமான நிலையத்தில் பெட்டியை ஊடுருவிப் பார்க்கும் கருவியும் இதற்குக் கேடு செய்வதில்லை.

ஆனால் இந்த அறையை மண்பானைக்கு ஒப்பிடலாம். பானையில் நீர் நிற்கும். எனினும் மெல்லக் கசியும். ஒவ்வொரு தடவை எலெக்ட்ரான் காப்பைத் துளைத்துச் செல்லும்போதும் காப்பு சிறிது தேய்கிறது. தேய்ந்த பானை அதிகம் கசியும். வெப்பம் மிகுந்தால் இன்னும் விரைவாகக் கசியும். முதலில் வந்தவற்றில் அறை ஒன்றுக்கு ஒரு பிட். நிறைந்ததா, காலியா என்ற இரண்டே நிலைகள். அவை சுமார் ஒரு லட்சம் தடவை எழுதி அழிப்பதைத் தாங்கின. விலையைக் குறைப்பதற்காக ஓர் அறையில் இரண்டு, மூன்று, நான்கு பிட் என நிரப்பத் தலைப்பட்டனர். நான்கு பிட் எனில் பானையில் பதினாறு மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். சிறிது கசிந்தாலும் ஒரு மட்டம் மற்றொன்றாகத் தோன்றிவிடும். இத்தகைய மலிவுச் சாதனங்கள் தாங்குவது ஏறத்தாழ ஆயிரம் தடவை. ஆயிரம் என்பது குறைவெனத் தோன்றலாம். அறைகள் கோடானுகோடி அன்றோ? ஒரே இடத்தில் எழுதாமல் எல்லா அறைகளுக்கும் வேலையைச் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கக் கட்டுப்படுத்தும் சில்லு ஒன்று உள்ளே அமர்ந்திருக்கிறது. மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை போன்றவர் அவர். எந்தச் சரக்கு எந்த மூட்டையில் என்பது அவருக்கே தெரியும். கணக்குப்பிள்ளை படுத்துவிட்டால் சரக்கு இருந்தும் பயனில்லை. பென் டிரைவ் திடீரென்று முழுமையாகச் செயலிழப்பதற்குப் பல சமயங்களில் இதுவே காரணம்.

பென் டிரைவ் சாதனத்தையும் கணிப்பொறியையும் இணைக்கும் யு.எஸ்.பி. முறை 1996இல் வெளியாயிற்று. இன்டெல் நிறுவனத்தில் அதனை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர் அஜய் பட். வடோதராவிலுள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். அந்த வாயிலிற் செருகத்தக்க ஃப்ளாஷ் சாதனங்கள் 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் விற்பனைக்கு வந்தன. ஐ.பி.எம். பெயருடன் விற்ற ஒன்றின் கொள்ளளவு 8 மெகாபைட். அதுவே ஐந்து ஃபிளாப்பிகளுக்கு ஈடாயிற்றென்று அன்று வியந்தனர்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். யு.எஸ்.பி. 2.0 முறையின் உச்சவேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். நடைமுறையிற் கிடைப்பது அதிற் பாதியளவு. 2008இல் வந்த 3.0 முறை அதைப்போல் பத்து மடங்கு. வாயினுள்ளே பெரும்பாலும் நீலநிறமாக இருப்பது அடையாளம். ஆயினும் வாசல் அகலமென்பதால் வண்டி விரைந்து ஓடிவிடாது. உள்ளே உள்ள ஃப்ளாஷ் மலிவானதாயின் நொடிக்கு 8 மெகாபைட்தான் எழுதும். 32 கிகாபைட் எழுத ஒரு மணி நேரத்திற்கும் மேலாகும். பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடுவது படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம். இப்போது வழங்கும் டைப் சி வாயிலும் இதே மயக்கந்தான்: வடிவம் புதிது, ஆனால் பழைய 2.0 வேகத்திலேயே ஓடும் செல்பேசிகள் பல உள்ளன.

மெமரி கார்டுகளில் எஸ்.டி. வகை 1999இல் அறிவிக்கப்பட்டது. தபால் தலையளவு உள்ளது எஸ்.டி.; செல்பேசியிற் செருகும் 15 மில்லிமீட்டர் நீளமுள்ளது மைக்ரோ எஸ்.டி. பெயரைத் தொடர்ந்து வரும் எழுத்துகள் கொள்ளளவின் எல்லையைக் காட்டுவன. வெறும் எஸ்.டி. என்றால் 2 கிகாபைட் வரை, எச்.சி. என்றிருந்தால் 32 வரை, எக்ஸ்.சி. என்றிருந்தால் 2 டெராபைட் வரை. பழைய காமிராவில் எக்ஸ்.சி. கார்டைச் செருகினால் அது விழிக்கும். குற்றம் கார்டில் இல்லை. வட்டத்துக்குள் 10 என்ற எண்ணோ, கிண்ணம் போன்ற எழுத்துக்குள் 1 என்ற எண்ணோ இருந்தால், தொடர்ந்து நொடிக்கு 10 மெகாபைட் எழுதுமென உறுதி. கிண்ணத்துக்குள் 3, அல்லது ‘வி 30’ என்பது 30 மெகாபைட். கச்சேரி, கலியாணம் முதலியவற்றை உயர்ந்த தெளிவில் படம் பிடிப்போர் இந்த இரண்டாம் அடையாளத்தைப் பார்த்து வாங்குவது நலம். பெரிய எஸ்.டி. கார்டின் பக்கத்தில் சிறு நகர்வான் ஒன்று உண்டு. கீழே தள்ளினால் எழுத விடாது. அது உண்மையிற் பூட்டு அன்று. ‘எழுதாதே’ என்று கருவிக்குச் சொல்லும் பலகை மாத்திரமே.

முன்னர்க் குறிப்பிட்ட ஏமாற்றுக்கு வருவோம். தில்லியில் நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர் நடைபாதைக் கடையில் 128 கிகாபைட் கார்டு ஒன்றை மலிவாக வாங்கினார். மகளின் நாட்டிய அரங்கேற்றத்தை முழுதும் அதிற் பிடித்தார். ஊருக்கு வந்து உறவினருக்குக் காட்ட எண்ணித் திறந்தபோது, முதல் உருப்படி மட்டும் ஓடிற்று. மற்றவற்றின் பெயரும் அளவும் தேதியும் பட்டியலில் இருந்தன, ஒன்றும் திறக்கவில்லை. உள்ளே இருந்தது 8 கிகாபைட் ஃப்ளாஷ். கணக்குப்பிள்ளைக்கு மட்டும் 128 என்று பொய் சொல்லக் கற்பித்திருந்தார்கள். உண்மை அளவு நிறைந்த பின் வந்ததையெல்லாம் அவர் வாங்கி வாங்கிக் கீழே கொட்டிக்கொண்டிருந்தார். இவ்வகைக் கள்ளச் சரக்கு எல்லா நகரங்களிலும் உண்டு. இதனைக் கண்டுபிடிக்க ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, ‘எஃப்3’ என்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. சாதனம் முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று அவை சரிபார்க்கும். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அரங்கேற்றம் ஒருமுறைதான் நடக்கும் என்பதை நினைத்தால் அந்நேரம் பெரிதன்று.

பயன்படுத்துவோர் அறிய வேண்டிய சிறு விஷயங்கள் சில. ‘எழுதி முடிந்தது’ என்று திரை சொன்னாலும், கடைசிப் பகுதி இன்னும் கணிப்பொறியின் சிலேட்டிலேயே இருக்கக்கூடும். அந்தக் கணத்தில் பென் டிரைவைப் பிடுங்கினால் சிலேட்டில் இருந்தது போய்விடும். சில வேளை பட்டியலே சிதைந்துவிடும். ‘பாதுகாப்பாக நீக்கு’ என்ற கட்டளை இருப்பது அதற்காகவே. பெரிய வீடியோ ஒன்றை எழுதும்போது, ஐம்பது கிகாபைட் காலியாக இருந்தும் இடம் போதாது என்று மறுத்தால், அச்சாதனம் ஃபேட் 32 என்ற பழைய பட்டியல் முறையில் அமைந்ததென்று அறியலாம். அம்முறையில் தனிக் கோப்பு ஒன்று 4 கிகாபைட்டைத் தாண்டக் கூடாது. எக்ஸ்-ஃபேட் முறைக்கு மாற்றினால் தொல்லை தீரும். மாற்றும்போது உள்ளிருப்பவை அழிந்துவிடுமாதலால் அவற்றை முன்னரே வேறிடத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

தவறிப்போய் ஒரு கோப்பை அழித்துவிட்டால் பதற வேண்டாம். அழித்தல் என்பது பெரும்பாலும் பட்டியலிலிருந்து பெயரை அடிப்பதே. சரக்கு மூட்டையிலேயே கிடக்கிறது. மேற்கொண்டு ஒன்றும் எழுதாமல் வைத்தால் மீட்கும் நிரல்களால் திரும்பப் பெறும் வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி. சாதனங்களில் இவ்வாய்ப்பு குறைவு. அங்கே கணக்குப்பிள்ளை பெயரடித்த சரக்கைத் தாமே சீக்கிரம் அப்புறப்படுத்திவிடுகிறார். இதே உண்மைக்கு மறுபுறமும் ஒன்று உண்டு. நாம் அழித்துவிட்டதாக எண்ணிப் பிறருக்குக் கொடுக்கும் பென் டிரைவிலிருந்து அவரும் மீட்டெடுக்கலாம். வெளி மாநிலத்தில் வாழ்வோருக்கு முகவரிச் சான்று, சாதிச் சான்று, ஆதார் நகல் என்று ஜெராக்ஸ் கடைக்குப் போகாத மாதம் இராது. வீட்டுப் பத்திரமெல்லாம் உள்ள பென் டிரைவை அங்கே நீட்டுவது, பீரோச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பது போலாகும். அச்சிட வேண்டிய தாள் மட்டும் உள்ள சிறிய பென் டிரைவ் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்க. கடைக் கணிப்பொறியிலுள்ள வைரஸ் நம்முடன் வீட்டுக்கு வந்தாலும் இழப்பு அதனோடு நிற்கும்.

இவை எத்தனை காலம் நிலைக்கும் என்ற கேள்வி எஞ்சுகிறது. புதிய பென் டிரைவில் ஒருமுறை எழுதிக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தது பல ஆண்டு இருக்கும். எழுதி எழுதித் தேய்ந்ததன் கதை வேறு. எஸ்.எஸ்.டி. சாதனங்களுக்கு உலகத் தொழில் தரம் வகுத்தோர், தன் எழுத்தாயுள் முடிந்த வீட்டு உபயோகச் சாதனம், மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தாங்கினாற் போதும் என்றே விதித்திருக்கின்றனர். நாகபுரியின் மே மாத வெயிலில் காருக்குள் கிடக்கும் சாதனத்தைப் பற்றி நாமே ஊகித்துக்கொள்ளலாம். மும்பையின் மழைக்காலத்திலோ ஈரமும் பூசணமும் வேறு. சிலிக்கா ஜெல் பொட்டலம் இட்டுக் காற்றுப்புகா டப்பாவில் வைப்பது தக்கது. ஆயிரம் ஆண்டு நிற்கும் சாதனம் எதுவும் நம் கடைவீதியில் இல்லை. ஓலைச்சுவடியுந்தான் நில்லாது, நைந்துபோகுமுன் பெயர்த்தெழுதியவர் இருந்தமையாலன்றோ பழைய நூல்கள் நம்மை வந்து சேர்ந்தன! இங்கும் வழி அதுவே. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய சாதனத்திற்குப் பெயர்த்து வைக்க வேண்டும்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய விதி ஒன்று உண்டு. பிரதி மூன்று, இருவகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வேறு இடம் எது என்று பிறர் யோசிக்கலாம். நமக்கு அந்தக் கவலை இல்லை. ஊரிலே ஒரு வீடு, இங்கே ஒரு வீடு என வாழ்வதால் வந்த சங்கடங்கள் பல. அரிதாக அதனாலொரு நன்மை இங்கே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் ஒன்று இங்கே. விடுமுறைக்குப் போகும்போது பென் டிரைவ் அல்லது எஸ்.எஸ்.டி. ஒன்று ஊரில் அண்ணன் வீட்டிலோ அக்காள் வீட்டிலோ. ஓரிடத்தில் வெள்ளமோ தீயோ திருட்டோ நேரினும் மற்றோரிடத்தில் இருக்கும். மூன்றாவதை இணையச் சேமிப்பில் வைக்கலாம். ஆனால் அக்கணக்கு செல்பேசி எண்ணோடு பிணைந்தது என்பதை மறக்கக் கூடாது. மாநிலம் மாறும்போது பழைய எண்ணை விட்டுவிட்டுப் பின்னர்க் கணக்கைத் திறக்க முடியாமல் தவிப்போர் நம்மவரிற் பலர். எண்ணை விடுமுன் கணக்கில் புதிய எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கவலையோடு காக்க முயன்றால் ஒன்றையும் காக்கமாட்டோம். ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் போன்றவை 2015இல் தொடங்கிய டிஜிலாக்கரில் மத்திய மாநில அரசுகளிடமிருந்தே கிடைக்கின்றன, தொலைந்தாலும் மீளும். திரைப்படமும் பாட்டும் எங்கும் கிடைக்கும். கிடைக்காதவை நம் வீட்டில் மட்டும் இருப்பவை: கையெழுத்துக் கடிதத்தின் படம், ஊர்த் திருவிழாவில் எடுத்த வீடியோ, ஒலிநாடாவில் பதிந்த தாலாட்டு. அறுபது நிமிஷ ஒலிநாடா ஒன்றைக் கணிப்பொறிக்குப் பெயர்த்தால் நல்ல தரத்திலேயே 58 மெகாபைட்டுக்கு மேற் போகாது. நூறு நாடாக்கள் இருந்தாலும் 6 கிகாபைட்டுக்குள் முடிந்துவிடும். மூன்று பிரதி எடுப்பதற்கு ஆகும் செலவு ஒரு குடும்பத்தார் சினிமாவுக்குப் போய்வரும் செலவைவிட அதிகமாகாது.

ஒவ்வொன்றின்மேலும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, எழுதிய ஆண்டையும் உள்ளிருப்பதையும் மையால் எழுதிவையுங்கள். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் இடலாம். இன்றைய கணிப்பொறிகள் எல்லாம் ஏற்கும். ‘வீடியோ 17’ என்பதைவிட ‘பெரியத்தை பேசியது, 2009, திருநெல்வேலி’ என்பது பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும். பிறகு, ஆண்டுக்கு ஒருநாள் அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். சரஸ்வதி பூஜையன்று ஏடுகளை அடுக்கிவைத்து மறுநாள் எடுத்துப் படிக்கும் வழக்கம் வெளி மாநிலத்திலும் நம் வீடுகளில் விட்டுப்போகவில்லை. அந்த அடுக்கில் டப்பாவையும் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் ஒவ்வொன்றாகச் செருகி, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்துவிட அரைமணி நேரம் போதும். திறக்கத் தாமதிப்பதை அன்றே புதியதற்குப் பெயர்த்துவிட வேண்டும்.